மேல்வீட்டு ஈரம்

என் படுக்கைக்கு நேர் மேலே
முதலில் ஒரு நாணயம் அளவுதான் இருந்தது.
ஜூனில் தட்டளவு.
ஜூலையில் அதற்குக் கால்கள் முளைத்தன.
வால்திவியாவில் மழைமேல் பழிபோடுவது சுலபம்.
ரொட்டி நமத்துப் போவதற்கும்
மனிதர்கள் நமத்துப் போவதற்கும் அதுதான் காரணம்.
ஆனால் இந்தக் கறை
மழை விட்ட நாளிலும் வளர்ந்தது,
காலை ஏழே காலுக்கு
மேல்வீட்டு ஷவர் நின்ற பிறகு.

எடுவிஹிஸுக்கு மூன்று கடிதம் எழுதினேன்.
மூன்றாவதில் ‘மதிப்பிற்குரிய’வை எடுத்துவிட்டேன்.
அவள் மகன் ஒஸோர்னோவிலிருந்து வந்து
கறுத்துப்போன கிரவுட்டின் மேலேயே
வெள்ளை சிலிக்கானை அப்பிவிட்டு
மாலை பேருந்தில் திரும்பினான்.
முழுப் பூசணிக்காய், ஒரு கைப்பிடிச் சோறு.
கறை இரண்டு வாரம் யோசித்தது.
பிறகு நான் கட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது.

செப்டம்பரில் ஹோவிட்டா கார்காமோ வந்தாள்.
முழங்கால் மெத்தைகளைக் கட்டிக்கொண்டே படியேறினாள்.
“கீழ்வீட்டுக்காரரும் வரட்டும்,
இல்லாவிட்டால் இரண்டு முறை சொல்ல வேண்டும்.”
திருப்புளியின் பிடியால் சுவரைத் தட்டினாள்.
டொக்.
டொக்.
டொக்.
தப்.
“இவை ஒட்டியிருக்கின்றன. இது நடிக்கிறது.”

ஆடும் பால்பல்போல வந்தது அந்த டைல்.
பின்னால் ஜிப்சம் பலகை
வெந்த கிழங்காய் இருந்தது.
விரல் கணுவரை உள்ளே போனது.
“கிரவுட் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும்.
எல்லா கிரவுட்டும் குடிக்கும்.
குடித்ததை மூச்சுவிட்டு வெளியே தள்ளும்.
அதன் மூக்கை அடைத்தது யார்?”

எடுவிஹிஸ் கதவோரம் நின்றாள்.
‘நான் அப்போதே சொன்னேன்’ என்ற வாக்கியத்தை
நான்கு மாதமாய் நாக்கில் வைத்திருந்தேன்.
அந்த நாற்றத்தில்
அதற்காக வாயைத் திறக்க முடியவில்லை.

சட்டம் தெரியும்வரை பிய்த்தாகிவிட்டது.
இனி அது காய வேண்டும், அவ்வளவுதான் வேலை.
ஒரு மின்விசிறி, திறந்த ஜன்னல்,
மரத்தில் குத்திப் பார்க்க ஈரமானி.
முப்பத்தொன்று. இருபத்தாறு. இருபத்தாறு.
மறுபடியும் மழை. இருபத்தெட்டு.
“அவசரப்பட்டு மூடினால்
அடுத்த வருஷமும் நான்தான் வருவேன்.
எனக்கு நல்லதுதான்” என்றாள்.

அந்தப் பதினோரு நாளும்
ஏழு மணிக்கு எடுவிஹிஸ் கீழே வந்தாள்,
தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டி.
நான் அடுப்பில் விறகு வைப்பதுபோல் இருந்தேன்.
அடுப்பு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.
அதே தண்ணீர்ச் சத்தம்,
இப்போது தலைக்கு மேலே இல்லை, பக்கத்தில்.
ஐந்தாம் நாள் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.
சர்க்கரை வேண்டாம் என்றாள்.
அவ்வளவுதான் பேசினோம்.

புதுப் பலகை. நீலப் பூச்சு இரண்டு கை.
டைல். நடுவில் சாம்பல் நிறக் கிரவுட்.
இரண்டு சுவர் சேரும் மூலைக்கு வந்தபோது
ஹோவிட்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.
“இங்கே கிரவுட் போட்டால் வெடிக்கும்.
இரண்டு சுவரும் ஒரேமாதிரி அசையாது.
வளைகிற ஒன்றுதான் இங்கே நிற்கும்.”
ஈர விரலால் சிலிக்கானை ஒரே இழுப்பில் இழுத்தாள்,
ஒரு கோடு, மெல்லியது.
“மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது.”

மூன்று நாளும் வந்தாள்.
நான்காம் நாள் ஏழே காலுக்கு
கூரைக்கு மேலே ஷவர் ஓடியது, நின்றது.
மல்லாந்து படுத்துக் கறையைப் பார்த்தேன்.
விளிம்பில் பழுப்பாய்க் காய்ந்திருந்தது.
நல்லதுதானே.

சோப்புப் பெட்டி என் குளியலறையிலேயே இருக்கிறது.
அதை எடுக்கப் போனபோதுதான்
குழாய்க்குக் கீழே என் கிரவுட்டைக் கவனித்தேன்,
கறுப்பு, மிளகு தூவினதுபோல்.
பையிலிருந்து பத்து பெசோ நாணயத்தை எடுத்துத் தட்டினேன்.
டொக்.
டொக்.
தப்.

ஹோவிட்டாவின் எண்
மேல்வீட்டில்தான் இருக்கிறது.