விவரம் கிடைக்கவில்லை

ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட்.
எண்ணூரில் கப்பல் கரி இறக்கும்.
விடியும்வரை கன்வேயர் பெல்ட்டுக்குக் காவல் நான்.
அதனால்தான்
பார்க்க முடியாததையெல்லாம் பதிந்து வை என்று
டிவி பெட்டியிடம் சொல்லிவிட்டுப் போவது.

எதைப் பதிவது?
இன்ஃபோ பட்டனை அழுத்தினால்
கறுப்புப் பட்டையில் இரண்டு வரி வரும்.
அந்த இரண்டு வரியை எழுதுகிறவனை
ஒருநாள் நேரில் பார்க்கவேண்டும்.
அடிக்க இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கத்தான்.

'ஒரு குடும்பத்தின் கதை' என்கிறான்.
எந்தக் குடும்பம்டா?
தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்குள்ளேயே பதினாலு இருக்கிறது,
ஒரே குழாயில்.

சீரியலுக்கு நானூற்றுச் சொச்சம் நாளாக
மாறாத ஒரு வரி:
'சுபத்ரா அதிர்ச்சி அடைகிறாள்.'
பிலோமினா வெங்காயம் உரித்தபடி சொன்னாள்,
பாவம், பிரஷர் எகிறியிருக்கும்,
யாராச்சும் ஸ்டான்லிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்.

துப்பறியும் படத்துக்கு மட்டும்
வஞ்சனையே இல்லாமல் எழுதுகிறான்.
'தன் தம்பிதான் கொலைகாரன் என்று இறுதியில் அறியும் இன்ஸ்பெக்டர்.'
அப்புறம் எதற்கு இரண்டே முக்கால் மணி நேரம்?
தம்பி முதல் சீனில் இட்லி பிட்டபோதே
நாங்கள் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருமுறை 'குத்துச்சண்டை, நேரடி' என்றிருந்தது.
மேல்மாடி எபினேசர், மாவட்டத்தில் இரண்டு தடவை ஜெயித்தவன்,
தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்தான்.
ஓடியது வெள்ளாடு வளர்ப்பு.
பாதியில் எழுந்து போவான் என்று நினைத்தேன்.
கடைசிவரை பார்த்தான்.
மறுவாரம்
குட்டி ஒன்று என்ன விலை வரும் என்று
கறிக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.
போன செவ்வாய்க்கிழமைதான் முடியவில்லை.

கறுப்பு வெள்ளைப் படம். கேள்விப்படாத பெயர்.
'மனைவியை இழந்த படகோட்டி, தன் ஒரே மகளை...'

அவ்வளவுதான். மூணு புள்ளி.
கீழ் அம்பை அழுத்தினேன், நகரவில்லை.
ஓகே அழுத்தினேன், சேனல் மாறி
யாரோ குக்கர் விற்றார்கள்.
மகளை என்ன செய்தான்?
தொலைத்தானா, விற்றானா,
டீச்சர் வேலைக்குப் படிக்கவைத்தானா?
மற்றதை நினைக்கவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில்
வேகன் வேகனாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனது.
வண்டியை அணைத்துவிட்டு நின்ற அத்தனை பேரும்
எட்டி எட்டிப் பார்த்தோம்.

மூணு மணிக்கு வேதகிரி வந்தான், சூப்பர்வைசர்.
என்னடா பேயறைஞ்ச மாதிரி?
சொன்னேன்.
அவனுக்கு இரண்டும் பொண்ணு.
டார்ச்சை அணைத்தான்.
பெல்ட் ஓடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
'நல்லதாத்தான் இருக்கும்' என்றான்,
'பார்த்துட்டுச் சொல்லு.'

காலையில் முகத்தில் கரியோடு போட்டேன்.
படகோட்டி இருந்தான். மகள் இருந்தாள்.
வெற்றிலை போட்ட ஒரு கடன்காரன்.
மகள் தனியாகப் படகைத் தள்ளி ஏறினாள்.
அப்பன் இடுப்புத் தண்ணீரில் நின்று கூப்பிட்டான்.
அவள் திரும்பி

பெட்டி நின்றுவிட்டது.

படம் பத்து நிமிஷம் தாமதமாக ஆரம்பித்திருக்கிறது.
போட்ட நேரத்தைப் பெட்டி நம்பியிருக்கிறது.
ஆரம்பத்தில் பத்து நிமிஷம்
பல்பொடி விளம்பரம் கண்ணாடி மாதிரி பதிந்திருக்கிறது.

ரிமோட்டைப் பிலோமினா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.
உடைப்பேன் என்று தெரியும் அவளுக்கு.

எட்டரைக்கு வேதகிரி போன் பண்ணினான்.
தூங்கியிருக்கவேண்டியவன்.
'திரும்பி வந்துட்டாடா' என்றேன்,
'ரெண்டு பேரும் ஒண்ணா படகை இழுத்துக் கரையில போட்டாங்க.
அதோட முடிஞ்சிருச்சு.'

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

'அப்ப அந்தக் கடன்?' என்றான்.

அதை நான் யோசிக்கவில்லை.