நான்காவது மனு

தேவகோட்டை கூடுதல் அமர்வு நீதிமன்றத்தில்
பதினோரு வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன்.
"இருதரப்பு வாதங்களும் கேட்கப்பட்டன"
என்ற வரியை விரல்களே அடித்துவிடும்.
அப்போது நான் மத்தியானக் குழம்பைப் பற்றி
யோசித்துக்கொண்டிருக்கலாம்.

சேவுகனின் மனு நாலாவது தடவையாக வந்தது.
முதல் மனு: புலன்விசாரணை ஆரம்ப நிலையில் உள்ளது. தள்ளுபடி.
இரண்டாவது: ரசாயன அறிக்கை வரவில்லை. தள்ளுபடி.
மூன்றாவதை வக்கீலே திரும்பப் பெற்றுக்கொண்டார்,
அன்றைக்கு அய்யாவின் முகம் அப்படி.

தொண்ணூறு நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால்
கேட்டாலே ஜாமீன்.
வந்துவிட்டது, எண்பத்தொன்பதாம் நாள்
மாலை ஐந்தேகாலுக்கு,
ஏட்டையாவின் பைக்கில், மழைக்குப் பாலிதீன் சுற்றிக்கொண்டு.

வழக்கு இவ்வளவுதான்.
கண்டனூரில் ஒரு வீட்டை விலைபேசிப் பிரித்தார்கள்.
நிலைக்கதவு என்ன விலைக்குப் போனது என்பதில்
கூட்டாளிகள் இருவருக்கும் வேறு வேறு கணக்கு.
நிலை பெயர்த்த கடப்பாரை
இப்போது சான்றுப்பொருள் ஒன்று.

அரசு வக்கீல் எழுந்தார்.
வெளியே விட்டால் தலைமறைவாவார், சாட்சிகளைக் கலைப்பார்.
எல்லா எதிருரையிலும் இருக்கும் வரிதான்,
பெயரை மட்டும் மாற்றுவேன்.
எதிரியின் வக்கீல் சிரிக்காமல் சொன்னார்:
"கடல் தாண்டிப் போனவர்கள் விட்டுப்போன வீட்டைத்தான்
என் கட்சிக்காரர் பிரித்தார்.
அவர் புதுக்கோட்டையைத் தாண்டியதில்லை."

கொன்றானா என்று யாரும் கேட்கவில்லை.
அது வேறொரு நாளின் கேள்வி.
அந்த நாளுக்கு அவன் வந்து நிற்பானா
என்பதுதான் இன்றைக்கு.

அய்யா கண்ணாடியைக் கழற்றினார்.
"சாட்சிகள் எத்தனை பேர்?"
முப்பத்தொன்று.
"விசாரித்தது?"
அரசு வக்கீல் கட்டைப் புரட்டினார்.
மின்விசிறி ஒரு தாளைத் தூக்கிப்போனது.
டவாலி குனிந்து எடுத்துக் கொடுத்தார்.
அவர் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

முடிவு அந்தப் புரட்டலில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.
உத்தரவில் அப்படி எழுத முடியாது.
"சிறையிலிருந்த காலத்தைக் கருத்தில் கொண்டு"
என்று அடித்தேன்.
இருநூற்றுப் பதினாறு நாள்.

இருபத்தையாயிரத்துக்கு இரு நபர் ஜாமீன்.
தினமும் காலை பத்தரைக்குச் சாக்கோட்டைக் காவல் நிலையத்தில் கையெழுத்து.
கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்,
வக்கீல் இல்லாமல்.
"அய்யா, அந்த ஸ்டேசன் எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல."
டவாலி அதட்டினார்.
அய்யா அவரைக் கையமர்த்திவிட்டு
ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சாக்கோட்டையை அடிங்க. மதுரை தல்லாகுளம். மறு உத்தரவு வரை."

சேவுகனின் மனைவி சிட்டாள்
வராந்தாவில் பஸ் கட்டணம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
மதுரையில் எங்கே தங்குவான், என்ன சாப்பிடுவான்.
கல்லலிலிருந்து ஜாமீன் நிற்க வந்த இருவரில் ஒருவருக்கு
வீட்டு வரி ரசீது தம்பி பேரில் இருந்தது.

பொன்னழகு என் மேசைக்கு வந்தாள்.
"விடுதலையா?"
இல்லம்மா, ஜாமீன். வழக்கு இருக்கு.
"வீட்டுக்கு வருவான்ல?"
ஊருக்குள்ள வரமாட்டான். இப்போதைக்கு.
அந்த "இப்போதைக்கு" சட்டம் சொல்லிக்கொடுத்த சொல்.
அவளுக்கு அது எதற்கும் உதவாது.

"எங்க வீட்டுக்காரர் பேரு இதுல எங்கன இருக்கு?"

மூன்று பக்கம் தேடினேன்.
இறந்துபோனவர், இறந்துபோனவர்,
மேற்படி இறந்துபோனவர்.
இரண்டாம் பக்கம் மூன்றாம் பத்தியில் ஒரே ஒரு தடவை:
வைரவேல்.

"வயிரவேல்," என்றாள். "வை இல்ல."

பேனாவால் அடித்துத் திருத்தினேன்.
திருத்தம் ஒன்று என்று ஓரத்தில் எழுதி
அய்யாவின் சுருக்கொப்பத்துக்காக
அறை வாசலில் போய் நின்றேன்.
உள்ளே அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
"என்னய்யா?"

ஒரு எழுத்துங்க, அய்யா.