மழைக்காரன்

படத்தில் மொத்தம் நாற்பத்தோரு இரவுகள்.
பகல் என்று ஒன்றுகூடக் கிடையாது.
இருட்டு இயக்குநருடையது.
மழை என்னுடையது.

பிட்ஸ்பர்க்கில், மூடிக்கிடந்த உருக்காலைக்குள்
மொனொங்கஹேலா ஆற்றை உறிஞ்சி
அறுபதடி உயரத்திலிருந்து தூவினேன்.
வெறும் தண்ணீர் கேமராவுக்குத் தெரியாது.
பால் கலக்க வேண்டும்,
இருபது கேலனுக்கு ஒரு குவளை.
முகமூடிக்காரனின் மேலங்கி
மூன்றாம் நாளே புளித்து நாறியது.
துணி துவைத்த மரீகா என்னைத் திட்டியது
ஸ்லோவாக் மொழியில். எல்லாம் புரிந்தது.

படம் வந்தது. படுத்தது.
சித்திரக்கதையைக் காசு சேர்த்து வாங்கியவர்கள்
எங்கள் ஆள் சிரிப்பானே என்றார்கள்.
யார் யாரை அடிக்கிறார்கள் என்று பார்க்க
டார்ச் கொண்டு போகச் சொன்னது ஒரு பத்திரிகை.
ஹாரியட் வாண்டர்மோலன்
வெள்ளிக்கிழமைத் தாளில் எழுதினார்:
"இதில் நடிக்கத் தெரிந்தது மழைக்கு மட்டும்தான்."

நாயகன் அதைக் கிழித்தெறிந்தானாம்.
இயக்குநர் பற்பசை விளம்பரங்களுக்குப் போனார்.
நான் கத்தரித்து
பம்ப் மூடியின் உட்புறம் ஒட்டினேன்,
பசை விட்டபோதெல்லாம் திரும்பவும்.
அதற்குப் பிறகு முப்பது வருஷம்,
எத்தனையோ படம்,
தண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

இன்றிரவு அதே படம், அரங்கு நிறைந்து.
அது வெளியானபோது பிறந்தேயிராத பிள்ளைகள்
கறுப்பு மழைக்கோட்டில் வந்து
வசனங்களை முந்திக்கொண்டு சொல்கிறார்கள்.
ஒரு பேராசிரியர் இருட்டுக்கு உரை சொன்னார்:
உலை அணைந்த நகரத்தின் துக்கமாம்.
எனக்குத் தெரிந்து
விளக்குக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துபோயிருந்தது.
இருந்தும் தொண்டை அடைத்தது.
என் அண்ணன் பவல்
அங்கே மூன்றாம் உலையில் இருந்தவன்.

பிறகு ஹாரியட் மேடையேறினார்,
கையில் ஊன்றுகோல், குரலில் நடுக்கமில்லை.
"அன்று எனக்குக் கண் இருந்தது, பார்வை இல்லை.
எழுதிய ஒவ்வொரு சொல்லையும்
திரும்பப் பெறுகிறேன்."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
பதினோராம் வரிசையில் நான் எழவில்லை.
காலையில் உரித்தெடுத்த காகிதத்தைச்
சட்டைப்பையோடு பொத்திப் பிடித்திருந்தேன்.

அம்மா,
ஒரே ஒரு வரியை
விட்டுவிடுங்கள்.

வெளியே வந்தால் நிஜ மழை.
பால் கலக்காதது.
தெருவிளக்கைத் தாண்டியதும்
நனைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.