இன்னும் ஐந்து ஆட்டம்

பதினேழு ஆட்டம், பன்னிரண்டு புள்ளி.
இரண்டு வெற்றி; அதில் ஒன்று
எதிரணிக்காரன் தன் வலைக்குள்ளேயே அடித்துத் தந்தது.
ஆறு சமன்.
மற்றதை நான் சொல்வதாக இல்லை.

தைப்பூசத்தன்று தேருக்கு முன்னால்
ஜெலுத்தோங் ரேஞ்சர்ஸ் பெயரைச் சொல்லி
நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தோம்.
வாங்கிய கோல் இதுவரை முப்பத்தொன்று.
"தண்ணீர்மலையான் கணக்கில்
இன்னும் எழுபத்தேழு பாக்கி இருக்கு" என்கிறான் லோகேஸ்வரன்.
அவன் வாயில் வைக்க ஒரு சில்லு கூட மிச்சமில்லை.

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
நுண்ணோக்கியில் கண் வைத்துச் சிப்புகளில் கீறல் தேடுவது.
மயிரிழையைப் பிடிக்கிற கண்ணுக்கு
எங்கள் தற்காப்பு வரிசையின் நடுவே
லாரி திரும்புகிற அளவு இடைவெளி தெரியாதா?
பயிற்றுநருக்கு மட்டும் தெரியவில்லை.
அவர் கொடிமலைப் பக்கம் மேகம் பார்க்கிறார்.
மழை வந்தால் ஆட்டம் நிற்கும்,
நின்றால் ஒரு புள்ளி என்ற நினைப்பு போலும்.

ஜூனில் கொண்டுவந்தார்கள் வாண்டர்லேயை.
காணொளியில் புலி.
இங்கே நான்கு மணி வெயிலில்
கம்பத்து நிழல் தேடும் பூனை.
முதல் ஆட்டத்தில் அவன் உதைத்த பந்து
கொம்தார் பக்கம் போனது.
இன்னும் இறங்கவில்லை.

ஆ ஹொக் அங்கள் ஒவ்வொரு வாரமும்
ஹொக்கியனில் ஏழு தலைமுறையைத் திட்டிவிட்டு
இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று எழுந்து போவார்.
அடுத்த வாரம் கச்சான் பொட்டலத்தோடு
அதே இருக்கையில் இருப்பார்.
ரோஸ்மினாவின் மத்தளத்தில் தோல் கிழிந்து இரண்டு மாதம்.
விளிம்பைத் தட்டுகிறாள்.
எங்கள் ஆட்டத்துக்கு அந்தச் சத்தம் போதும்.

போன சனிக்கிழமை கூலிம்காரர்களோடு.
எண்பத்தெட்டாவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று.
அப்போதுதான் மூன்றாம் எண் புவனேந்திரன்
இடது காலில் வந்த பந்தை
யாருக்கும் இல்லாத இடத்துக்கு
அவ்வளவு பவ்வியமாகத் தள்ளிவிட்டான்.
கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி.
நான் கத்தியதை இங்கே எழுத முடியாது.
முன்வரிசையில் ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது.

மூன்று மாதமாய் அவர்களுக்குச் சம்பளம் இல்லை.
தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

அன்றிரவு பதினொன்றரைக்கு நாசி கண்டார் சொன்னேன்.
தோல்விக்குப் பிறகு எனக்குப் பசிக்கும்.
பொட்டலத்தோடு மாடி ஏறி வந்தவன்
தலைக்கவசத்தைக் கழற்றினான்.
புவனேந்திரன்.
முழங்காலில் பிளாஸ்திரி, அதன் ஓரத்தில்
இன்னும் திடல் மண்.

மணிக்கணக்காய் உருட்டி வைத்திருந்த வார்த்தைகள்
தொண்டையில் நின்றுவிட்டன.
"குழம்பு தனியா இருக்கு, பார்த்துப் பிரிங்க" என்றான்.
"சரி" என்றேன்.
படியில் இரண்டு எட்டு இறங்கிவிட்டுத் திரும்பினான்.
"நீங்க கிழக்குப் பக்கம் உட்கார்ந்து கத்துறவங்கதானே?
உங்க குரல் எங்களுக்கு நல்லா கேக்கும்."

கோபமா, கேலியா, வேறு ஏதாவதா?
முகத்தில் தேடினேன்.
கீறல் எதுவும் அகப்படவில்லை.

கீழே மோட்டாரை முடுக்கினான்.
இடது காலால் கியரை ஒரு மிதி.
எவ்வளவு சுத்தமாக விழுந்தது!
அடப்பாவி, அந்தக் காலை
சனிக்கிழமை எங்கே வைத்துவிட்டு வந்தாய்?

இன்னும் ஐந்து ஆட்டம். மூன்று நம் திடலில்.
கூலிமுக்குப் பத்தொன்பது புள்ளி.
நாம் மூன்று ஜெயித்து அவர்கள் ஐந்தும் தோற்றால்
கணக்குப்படி தப்பலாம்.
கணக்கு பாவம், அதற்குக் கால் இல்லை,
யாரும் அதன் முட்டியில் உதைப்பதில்லை.

சனிக்கிழமை இரவு ஷிஃப்டை
விக்னேஸ்வரியிடம் மாற்றிக்கொண்டேன்.
பதிலுக்கு அவளுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள்.
வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

லோகேஸ்வரனிடம் கேட்டேன்,
அடுத்த வருஷத்துச் சீசன் டிக்கெட் எப்போது விற்பார்கள் என்று.
"எந்த லீக்குக்கு?" என்றான்.

அதையா கேட்டேன் நான்?