கூப்பிடு தூரம்

மூன்றாம் ஆண்டு வகுப்பு, காலை எட்டு மணி.
வெண்பலகையில் இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு.
கோட்டின் மேல் பத்து மீட்டர் என்று எழுதிவிட்டுப்
பாதி ஆங்கிலம் பாதி மலாய் என்று போய்க்கொண்டிருந்தவள்
வாய் தவறித் தமிழில் சொன்னேன்:
கூப்பிடு தூரம்.

கடைசி வரிசையில் என் ஆய்வு மாணவன்
புவனேந்திரன் மட்டும் சிரித்தான்.
அப்படியென்றால் எத்தனை மீட்டர் என்றாள் வெய் லின்.
கூப்பிடுகிறவர் தொண்டையைப் பொறுத்தது,
கேட்கிறவர் காதைப் பொறுத்தது,
நடுவில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்றேன்.
அவள் அதை அப்படியே சமன்பாடாக எழுதிக்கொண்டாள்.
சரியாகவும் இருந்தது.

நிபோங் திபாலில் செம்பனைகளைப் பார்த்த கட்டடம்.
மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில்
தீப்பெட்டி அளவில் ஆறு புளூடூத் கருவிகள்
வினாடிக்கொரு தரம்
இருக்கிறேன், இருக்கிறேன் என்று
ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும்.
எவ்வளவு பலமாகக் கேட்டது என்பதைக் குறித்துக்கொள்வோம்.
லிஃப்ட் கதவு திறந்தால் எண் துள்ளும்.
யாராவது மைக்ரோவேவில் நாசி லெமாக் சுடவைத்தாலும் துள்ளும்.
அதெல்லாம் தெரிந்த குற்றவாளிகள்.

தெரியாதது ஒன்று இருந்தது.
இரவு பத்து நாற்பதுக்கு
நான்காம் கருவிக்கும் ஐந்தாம் கருவிக்கும் இடையே
பதினேழு டெசிபல் பள்ளம்.
பதினொரு நிமிடம் கிடக்கும், பிறகு மேடேறும்.
வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.

புவனேந்திரன் வைஃபையைச் சந்தேகித்தான்,
ஏர்கானை, ஒருமுறை என்னையே.
கடைசியில் ஓர் இரவு இருந்து பார்த்தோம்.

தில் பகதூர். காவலாளி.
அந்தச் சுவரோரம்தான் அவர் போனுக்கு டேட்டா நிற்கிறது.
சாய்ந்து நின்றார். திரையில் நேப்பாளம்,
ஒரு சிறுமி சோற்றை மென்றுகொண்டே இருந்தாள்.

மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்.
இந்த அலையைத் தண்ணீர் விழுங்கும்.
போன தேர்வில் நானே கேட்ட கேள்வி, ஆறு மதிப்பெண்.

டாக்டர், கேமராவே இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்கலாம்,
இதுவே தனிக் கட்டுரை என்று குதித்தான் புவனேந்திரன்.
நாற்பது இரவு.
அவர் என்றைக்கு வரவில்லை,
என்றைக்குச் சீக்கிரம் போனை வைத்தார்
எல்லாம் எங்கள் மடிக்கணினியில்.
நன்னெறிக் குழுவுக்குக் கொடுத்த படிவத்தைத் தேடி எடுத்தேன்.
ஆய்வில் மனிதர்கள் ஈடுபடுகிறார்களா?
இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக்.
கீழே என் கையெழுத்து.

நாற்பதையும் அழித்தோம். மாநாட்டுத் தேதி போயிற்று.
இரண்டு நாள் புவனேந்திரன் என்னோடு பேசவில்லை,
மேசைக்கும் மேசைக்கும் ஒன்றரை மீட்டர்தான்.

ஐந்தாம் கருவியைக் கழற்றும்போது
தில் பகதூரே வந்து ஏணியைப் பிடித்தார்.
சொன்னேன், மலாயில், ஒன்றும் விடாமல்.
நான் நின்றது இதற்குத் தெரிந்ததா என்று
உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எவ்வளவு தூரம் போகும்?
பத்து மீட்டர் என்றேன்.
அவ்வளவுதானா என்றார்.