அசைந்தால் எரியும் விளக்கு

எட்மண்டனில் ஜூன் மாதம்
பத்து மணிக்குத்தான் சூரியன் கிளம்புகிறது.
கிளம்பியும், செருப்பை மாட்டிக்கொண்டு
வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி
பதினொன்று வரை வடமேற்கில் ஒரு வெளுப்பு.
கடையை மூடிவிட்டு வந்து
பதினொன்றே முக்காலுக்கு ஓடத் தொடங்குவேன்.
வேறு எப்போது ஓட?
சர்க்கரை கூடிப்போன அன்று
தினம் நாற்பது நிமிடம் என்றார் டாக்டர்.
எந்த நாற்பது என்று சொல்லவில்லை.

ஜிம்மில் கூரை முழுக்கக் குழல்விளக்கு.
என் காலடியில் நிழல்கூட விழாது.
வீட்டுக்கு வந்து, குளித்து, படுத்த பிறகும்
கால் இரண்டும் அந்தப் பெல்ட்டின் மேலேயே.
பக்கத்தில் இளம்பரிதி.
பெயரில் சூரியனை வைத்துக்கொண்டு
எப்படித் தூங்குகிறான் பாருங்கள்.

என் வேலை என்ன என்றால்
மருந்துக்கடையில் அலமாரி நிரப்புவது.
ஏழாம் வரிசை, கண்மட்டத்தில், மெலடோனின்.
மூன்று மில்லிகிராம், ஐந்து, பத்து,
ஸ்ட்ராபெரி சுவையிலும் உண்டு.
இருட்டைப் புட்டி புட்டியாய் அடுக்கி
நானே விலை ஒட்டுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் ஆள் கேட்டார்கள்.
இரண்டு இரவு, நூற்றறுபது டாலர்.
ஜன்னல் இல்லாத அறை,
கற்பூரம் அணையப்போகும்போது இருக்குமே
அவ்வளவு வெளிச்சம்.
அரை மணிக்கொருமுறை ரோவெனா வந்து
பஞ்சுருளை தருவாள்.
மென்று குழாயில் துப்ப வேண்டும்.
எங்கள் குடும்பத்தில்
துப்பிக் காசு வாங்கிய முதல் ஆள் நான்தான்.

முதல் இரவு சும்மா உட்கார்ந்திருந்தேன்.
இரண்டாம் இரவு பத்தரைக்கு
பளீரென்று விளக்கைப் போட்டு
ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள்.
மூன்று வாரம் கழித்து ஒரு தாள், இரண்டு கோடு.
ஒன்று ஒன்பதரைக்கே எழுந்து
நிதானமாய் மாடி ஏறுகிறது.
மற்றது நள்ளிரவு தாண்டியும்
தரையில் தவழ்கிறது.

வெளிச்சமா, மிதித்ததா, எது? என்றேன்.
இரண்டும் கைகோத்து வந்தால்
யாரைப் பிடிப்பது, என்று சிரித்தாள் ரோவெனா.
அவளுக்குச் சந்தேகம் வெளிச்சத்தின் மேல்.
மூளையின் நடுவில் நெல்லளவு ஒரு சுரப்பியாம்,
கண் சொல்வதைத்தான் கேட்குமாம்.
சரி, நான் சொல்வதை
இந்த உடம்பில் எது கேட்டிருக்கிறது?

ஜிம்மை நிறுத்தினேன்.
எங்கள் கட்டடத்தின் கீழே, கார்கள் உறங்கும்
இரண்டாம் நிலவறையில் நடக்கிறேன்.
அங்கேயும் தப்பவில்லை.
ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள் அவை.
ஓரடி வைத்தால் ஒன்று விழிக்கிறது,
அடுத்த அடிக்கு அடுத்தது.
ராஜாவுக்குத் தீவட்டி பிடிப்பதுபோல்
எனக்கு முன்னால் என் தூக்கமின்மை போகிறது.

போன செவ்வாய், ஷூவுக்குள் ஒரு கல்.
தூணில் சாய்ந்து உதறிவிட்டு
ஏதோ நினைப்பில் அப்படியே நின்றேன்.
தலைக்கு மேலிருந்த விளக்கு
க்ளிக் என்று போயிற்று.
பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. பிறகு எல்லாம்.

எத்தனை வருடமாயிற்று
கை தெரியாத இருட்டைப் பார்த்து.
எங்கோ ஒரு இன்ஜின் சூடு ஆறும்
டிக், டிக்.
மூச்சுகூட மெதுவாக விட்டேன்,
அதுவும் அசைவில் சேருமோ என்று.

அப்போது லிஃப்ட் திறந்தது.
ஒவ்வொன்றாய் விளக்கை எழுப்பிக்கொண்டு
லுங்கியோடு வருகிறான் இளம்பரிதி,
மணி ஒன்று, போனும் எடுக்கவில்லை என்று.
அங்கேயே நில், என்றேன். அசையாதே.
பாம்பைக் கண்டவன்போல் நின்றான்.

நான்கு நிமிடம்.
இருபதடி தள்ளி நிற்கும் அவன் முகம்
முதலில் மஞ்சளாகி, சாம்பலாகி,
காணாமல் போயிற்று.

எதுக்குடி இது, என்றது இருட்டு.
சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.
கொட்டாவிதான் வந்தது.