மூன்று ஆட்டத்துக்குக் கட்டிய மூட்டை

மசேருவில் கிளம்பும்போது
மூன்று ஆட்டத்துக்குத்தான் கட்டினேன் மூட்டையை.
இருபத்திரண்டு நீலச் சட்டை, இருபத்திரண்டு வெள்ளை,
சோப்புத் தூள் இரண்டு கிலோ, ஓர் இஸ்திரிப் பெட்டி.
திரும்பும் டிக்கெட்டில் தேதியே போட்டிருந்தது:
பத்தாம் நாள், காலை ஆறு இருபது.
கையெழுத்து வாங்கிக்கொண்டு சங்கத்து எழுத்தர் சொன்னார்,
"மட்சீலிசோ, போகும் உருப்படி அத்தனையும் திரும்பி வரணும்."
உருப்படி என்றால் சட்டை.
பெண்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் ஆட்டம் மூன்று கோலில் தோற்றோம்.
கணக்கு சரியாகத்தான் போகிறதென்று
துவைத்துப் போட்டேன்.
அது கடலோர ஊர். எதுவும் காயாது.
எங்கள் மலையில் பனியிலும் துணி
விறைத்து நின்றாவது காயும்.
இங்கே காற்றே ஈரத் துண்டு.

இரண்டாவது டிரா. மூன்றாவதில்
எதிரணிப் பெண்ணின் முழங்காலில் பட்டு
எங்களுக்கொரு கோல் விழுந்தது.
கும்பிட வேண்டிய முழங்கால்.

பத்தாம் நாள் காலை ஆறு இருபதுக்கு
எங்கள் விமானம் எங்களை விட்டுப் போனது.
நான் குளியல் தொட்டியில் முழங்கை வரை நுரையோடு இருந்தேன்.

ஓட்டல்காரர் அறையைக் கேட்டார்.
கன்னியர் மடமொன்றில் இடம் கிடைத்தது.
சிஸ்டர்கள் கொடிக்கயிறு தந்தார்கள்,
இரவு ஒன்பதுக்கு மேல் கத்தக் கூடாதென்றார்கள்.
காலிறுதி முடிந்த இரவு
முதலில் கத்தியது ஒரு சிஸ்டர்தான்.

சட்டைகளின் எண்கள் உரிய ஆரம்பித்தன.
பதினேழின் ஒன்று போய் வெறும் ஏழானாள் ஒருத்தி;
ஏழு ஏற்கெனவே இருந்தாள்.
விடிய விடிய பிளாஸ்டரை வெட்டி ஒட்டினேன்.

புலெங்குக்கு அந்தச் சனிக்கிழமை கல்யாணம்.
மொகொட்லோங்கில் மாட்டைக் கட்டிவைத்து
இரண்டு குடும்பமும் காத்திருந்தது.
அரையிறுதியும் அதே சனிக்கிழமை.
மாப்பிள்ளை போன் செய்தான்.
நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு காதைத் தீட்டினோம்.
அவன் கேட்டது ஒன்றுதான்:
"அவர்களுடைய வலது விங்கர் வேகமா?"

வேகம்தான். இரண்டு முறை புலெங்கைத் தாண்டிப் போனாள்.
மூன்றாம் முறை போகவில்லை.
பிறகு பெனால்ட்டி.
ந்தபெலெங் இடப்பக்கம் பாய்ந்தாள்,
பந்து நடுவில் வந்தது,
பின்தங்கிய அவள் கால் அதைத் தடுத்தது.
காலுக்கே தெரிந்திருக்காது.

அந்த நேரம் ஊரில், அக்கா சொன்னாள்,
மேய்ப்பர்கள் குதிரையை நிறுத்தி
ஒரே ரேடியோவைச் சுற்றிப் போர்வையோடு நின்றார்களாம்.
பேட்டரி தீர்ந்துபோக,
ஜெயித்தோமா தோற்றோமா தெரியாமல்
ஒருவன் பனியில் ஆறு மைல் ஓடினானாம்.
மாட்டை அன்றைக்கே அறுத்துவிட்டார்கள்,
கல்யாணப் பெண் இல்லாமலே.

"கையுறையைத் தொடாதே" என்றாள் ந்தபெலெங்.
"இறுதியாட்டம் முடியட்டும்."
அதன் நாற்றத்தில் மடத்துப் பூனை வேறு அறைக்கு மாறியது.

இறுதியாட்டம்.
நூற்றுப் பதினேழாம் நிமிடம் வரை
நாங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.
நூற்றுப் பதினெட்டில் கொடுத்தோம்.

அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஊதல் அடங்கியதும் மஞ்சள் சட்டைக்காரிகள் வந்து
எங்கள் பெண்களிடம் சட்டை மாற்றக் கேட்டார்கள்.
பதினான்கு தலைகள் ஒரே நேரத்தில்
என் பக்கம் திரும்பின.
எழுத்தரின் குரல் காதில் கேட்டது.
லிம்போவின் மார்பில் நான் ஒட்டிய பிளாஸ்டர்
பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது.
"கொடுங்கடி" என்றேன்.

மசேருவில் எழுத்தர் பெட்டியைத் திறந்து எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
"பதினான்கு குறைகிறது."
"துவைக்கையில் போயிற்று" என்றேன்.
அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே
மஞ்சள் சட்டையில் பதினான்கு பேர்
கூட்டத்தின் தோள்மேல் போய்க்கொண்டிருந்தார்கள்.
பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
நான் சொன்னதையே எழுதினார்.

கையுறை என்னிடம்தான் இருக்கிறது.
இன்னும் துவைக்கவில்லை.